நோரீனுக்குத் தொண்டை கட்டிய நாள்

என் அண்ணன் மனைவி நோரீன் வீட்டில் வாய் திறக்க மாட்டாள், காரில் ஏறினால் மூட மாட்டாள். வழியில் கண்ணில் படுகிற பலகை, விளக்கு, வண்டி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வருவாள்.

"ரவுண்டானா வருது பாரு, நடுவுல பூச்செடியெல்லாம் வச்சிருக்காங்க."

"லட்லோ பன்னெண்டு மைல். இடது பக்கம் திரும்பணும்."

"அடேயப்பா, அந்த சிவப்பு லைட்டப் பாரேன், நல்லாப் பழுத்த தக்காளி மாதிரி."

"முன்னாடி போறவன் பிரேக் போடுறான். அவனுக்கு என்ன கேடோ."

பள்ளிக்கூடம் என்று பலகை இருந்தால் பள்ளிக்கூடம் என்பாள், மாடு கடக்கும் இடம் என்றால் மாடு என்பாள். எங்கள் ஊர் ஸ்டோக்கிலிருந்து வேல்ஸ் வரைக்கும் இதைக் கேட்டுக்கொண்டு பின்சீட்டில் வருவது என்ன பாடு என்று வந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அதற்கு முன்னால் இருபத்தைந்து வருஷம் அவள் காரில் ஏறியதும் தூங்கிவிடுகிறவள். திடீரென்று ஒரு வருஷம் ஆரம்பித்தது இந்தப் பேச்சு. "வயசானா சிலபேருக்கு முட்டிவலி வரும், இவளுக்கு வாய் வந்திருக்கு" என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். "ரேடியோ நோரீன்" என்று பேர் வைத்ததும் நான்தான். இப்போது நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

என் பேர் ஜாய்ஸ். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் உருளைக்கிழங்கு மசித்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் ஒரு தடவை பண்ணிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. அதனால் அண்ணன் குடும்பம்தான் என் குடும்பம். ஆகஸ்ட் மாதம் அவர்கள் கோட்டை பார்க்கக் கிளம்பினால் நானும் கிளம்பியாக வேண்டும். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே, எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

அண்ணன் மால்கம் ஷெரட் ஸ்டோக்கில் பஸ் ஓட்டியவன். முப்பத்தொரு வருஷம். ஒரு கீறல் விழுந்தது கிடையாது. விபத்தில்லாமல் ஓட்டியதற்கு வருஷத்துக்கு ஒரு பதக்கம் கொடுப்பார்கள். முப்பத்தொன்றும் வெல்வெட் வைத்த பெட்டியில் இருக்கின்றன. வீட்டுக்கு யார் வந்தாலும், கேஸ் மீட்டர் பார்க்க வந்தவனாக இருந்தாலும், டீ ஆறுவதற்குள் அந்தப் பெட்டி வெளியே வந்துவிடும்.

பஸ்ஸில் ஒரே தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தவனுக்கு, லீவு கிடைத்தால் புதுத் தெருவில் ஓட்ட வேண்டும் என்று ஆசை. ஓட்டிப் போய் நிற்க ஓர் இடம் வேண்டுமே என்று கோட்டைகளைப் பிடித்துக்கொண்டான். மகள் ட்ரேசிக்கு ஐந்து வயதாக இருக்கும்போது ஆரம்பித்தது. கோட்டைகளுக்கான வருடச் சந்தா அட்டை, கார்க் கண்ணாடியில் அதற்கு ஒரு ஸ்டிக்கர், மடித்து மடித்துக் கிழிந்த வரைபடம், பிளாஸ்கில் டீ, முட்டை சாண்ட்விச். கோட்டைக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு விளக்கப் பலகை முன்னாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். தலையை மெதுவாக ஆட்டுவான். முடித்துவிட்டு அடுத்த பலகைக்குப் போவான். நாங்கள் மழையில் நின்றுகொண்டிருப்போம்.

காரில் இடம் மாறாது. அண்ணன் ஓட்டுவான். பக்கத்தில் நோரீன். அண்ணனுக்குப் பின்னால் நான், நோரீனுக்குப் பின்னால் ட்ரேசி. ட்ரேசியின் புருஷனுக்கு ஒவ்வொரு வருஷமும் அந்த வாரம் பார்த்துத்தான் வேலை வந்து குவியும். கெட்டிக்காரப் பையன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கதையில் ஒளித்து வைத்து விளையாட எனக்குப் பொறுமை கிடையாது. என் அண்ணனுக்குக் கண் தெரியவில்லை. முழுக்க இல்லை. ஓரமெல்லாம் தெரியும், நடுவில் மட்டும் ஒரு மங்கல். நேராகப் பார்க்கிற பொருள்தான் தெரியாது. ரோட்டின் விளிம்பு தெரியும், பலகையில் எழுதியிருப்பது தெரியாது. எதிரே வருகிற லாரி தெரியும், நடந்து வருகிற ஆள் தெரியாது. நோரீன் பேசிக்கொண்டு வரவில்லை. என் அண்ணனுக்கு ரோட்டைப் படித்துக் காட்டிக்கொண்டு வந்தாள்.

இதெல்லாம் அவள் பிற்பாடு என்னிடம் சொன்னது. நாங்கள் கான்வி கோட்டைக்குப் போயிருந்த வருஷம், ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்தும் கார் வேகம் குறையவில்லை. தூக்கத்திலிருந்து விழித்தவள் தன்னை அறியாமல் "மால்கம், சிவப்பு" என்றாள். அண்ணன் பிரேக் போட்டு, "தெரியுது, தெரியுது" என்றான். விளக்கு பச்சையானது. கார் நகரவில்லை. பின்னால் ஆறு வண்டிகள். அப்போது பார்த்தாளாம், அண்ணன் தலையை லேசாக அவள் பக்கம் சாய்த்துக்கொண்டு, காது கொடுத்துக்கொண்டு இருந்தான். அவளுக்குப் புரிந்துபோனது. "பச்சை வந்துடுச்சு, என்ன அழகான பச்சை" என்றாள். கார் நகர்ந்தது.

அவ்வளவுதான் ஒப்பந்தம். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவன் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான்கு வருஷம்.

ஏன் சொல்லவில்லை என்று நான் அவளிடம் சத்தம் போட்டேன். "சொல்லலாம்னுதான் ஜாய்ஸ் இருந்தேன்" என்றாள். அந்தப் பதக்கப் பெட்டியை நினைத்தாளாம். அண்ணனோடு டிப்போவில் வேலை பார்த்த லென், மகன் சொன்னான் என்று காரை விற்றான். அந்தக் குளிர்காலம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான், வசந்தத்தில் போய்ச் சேர்ந்தான். அதை நினைத்தாளாம். இன்னொன்றும் சொன்னாள். முதல் வருஷமே சொல்லியிருந்தால் பயந்து சொன்னாள் என்று ஆகியிருக்கும். ஒரு வருஷம் தள்ளிப் போட்டாயிற்று. இனி சொன்னால், "தெரிஞ்சும் எங்களை அந்தக் காருல ஏத்தினியா?" என்று நாங்கள் கேட்போம். அதற்கு என்ன பதில் சொல்வாள்? வருஷம் ஆக ஆகக் கேள்வி பெரிதானது. புதைகுழியில் கால் வைத்தவள் நிலைமைதான்.

எங்கள் நாட்டில் ஒரு தடவை லைசென்ஸ் வாங்கிவிட்டால் எழுபது வயது வரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எழுபதில் ஒரு படிவம் வரும். கண் நன்றாகத் தெரிகிறதா என்று கேட்டிருக்கும். நாமே 'ஆம்' என்று டிக் போட்டு அனுப்பலாம். திருடன் கையில் சாவியைக் கொடுக்கிற கதை. நான் சொல்ல வந்த பயணம் நடந்த வருஷம், நவம்பர் வந்தால் அண்ணனுக்கு எழுபது.

அந்த வருஷம் ட்ரேசி ஏழு மாதக் கர்ப்பம். ஒன்பது வருஷம் காத்திருந்து, எத்தனையோ ஆஸ்பத்திரி ஏறி இறங்கி உண்டான பிள்ளை. "குழந்தை வந்துட்டா இப்படி நாம நாலு பேர் மட்டும் போக முடியாதும்மா, இந்தத் தடவையும் நான் வரேன்" என்று அவளே கிளம்பினாள்.

நோரீன் தன்னால் ஆனதெல்லாம் செய்தாள். ரயிலில் போகலாம் என்றாள். "ரயில் கோட்டை வாசல் வரைக்கும் வருமா?" என்றான் அண்ணன். மழை என்றாள். "கோட்டைக்கு மழை புதுசா?" என்றான். என்னிடம் தனியாக வந்து, "இந்த வருஷம் நீ ஓட்டுறியா ஜாய்ஸ்?" என்று கேட்டாள். நான் கெக்கெக்கே என்று சிரித்தேன். எண்பத்தேழாம் வருஷம் நான் சர்ச் கேட்டின் கல்தூணை இடித்துச் சாய்த்தவள். அதை அண்ணன் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் சாப்பாட்டிலும் ஒரு தடவை சொல்லாமல் விட்டதில்லை. "உன் புருஷன் சாவியை என் கையில குடுப்பானா? சமாதிக்குள்ள கொண்டுபோனாலும் போவான், எனக்குத் தரமாட்டான்" என்றேன். அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை. கேரட் சீவிக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் லட்லோ. இரண்டாம் நாள் ராக்லன். கோட்டை வந்து சேர்ந்ததும் நாங்கள் கால் நீட்டி இறங்குவோம். நோரீன் மட்டும் இறங்காமல் ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்டால் தலைவலி என்பாள். நான்கு வருஷமாக அவள் ஒரு கோட்டையையும் ஒழுங்காகப் பார்த்தது கிடையாது. உள்ளே வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்து, திரும்பிப் போகிற வழியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். காரில் பக்கவாட்டில் திரும்ப மாட்டாள், டீ குடிக்க மாட்டாள், கண் அசர மாட்டாள். "அம்மா, அங்க பாரு ஆட்டுக்குட்டி!" என்று ட்ரேசி சொன்னால், "அழகா இருக்கு" என்று ரோட்டைப் பார்த்தபடியே சொல்வாள்.

மூன்றாம் நாள் கேரெக் கென்னன். மலைமேல் இருக்கிற கோட்டை. அதற்குப் போகிற பாதை ஒரு கார் அகலம், இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு வேலிச்செடி. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னாலேயே போக வேண்டும். நோரீன் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"வளைவு. இடதுபக்கம். மெதுவா. இப்ப நேரா இருக்கு. கேட் ஒண்ணு, மூடியிருக்கு. மறுபடி வளைவு."

"உலகச் செய்திகள் வாசிப்பது நோரீன் ஷெரட்" என்றேன் நான். ட்ரேசி சிரித்தாள். சிரித்ததில் நெஞ்செரிச்சல் வந்துவிட்டது அவளுக்கு.

"அம்மா, அந்த மாத்திரை உன் பையிலதான இருக்கு? ஒண்ணு குடேன்."

நோரீன் ஒரு கணம் தயங்கினாள். பிறகு பையைத் திறந்து மாத்திரையை எடுத்து, திரும்பி, மகள் கையில் வைத்தாள். இரண்டு விநாடி இருக்கும். ஏழு மாதக் கர்ப்பிணி மகள் கேட்டதற்காக இரண்டு விநாடி திரும்பினாள்.

முன்னால் திரும்பியவள் அலறினாள். "மால்கம்! ஆள்! ஆள்!"

கார் குலுங்கி நின்றது. என் முகம் அண்ணன் சீட்டில் இடித்தது. ட்ரேசி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பாதையின் நடுவில் ஒரு கிழ விவசாயி, கையில் நாய்க் கயிறு. அவர் முழங்காலுக்கும் எங்கள் காருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. மரத்துக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்தவர் இல்லை. நட்டநடுப் பாதையில் நேராக எங்களைப் பார்த்து நடந்து வந்தவர்.

அவர் கையைத் தூக்கி, "மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க" என்று வேலியோரம் ஒதுங்கினார். எங்கள் ஜனங்களில் இடிபட்டவன்தான் முதலில் மன்னிப்புக் கேட்பான். அண்ணனும் கண்ணாடியை இறக்கி, "இல்ல இல்ல, நான்தான்" என்றான். இரண்டு பேரும் மூன்று தடவை மாற்றி மாற்றி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். நாய் மட்டும்தான் குரைத்தது. அதற்குத்தான் அங்கே மரியாதை தெரியாமல் இருந்தது.

கண்ணாடியை ஏற்றியதும் அண்ணன் நோரீன் மேல் பாய்ந்தான்.

"எதுக்கு அப்படிக் கத்தின? நான் பார்த்துக்கிட்டுதான இருந்தேன்! நீ கத்தினதுலதான் எனக்குப் பதறிப்போச்சு. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். ஒருநாள், ஒரே ஒருநாள் வாயை மூடிக்கிட்டு வா. நான் நிம்மதியா ஓட்டுவேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "ரேடியோவை ஆஃப் பண்ற பட்டன் எங்க இருக்குன்னு தேடு மால்கம்" என்றேன். எனக்கு அப்போது இடித்த மூக்குதான் பெரிதாக இருந்தது.

நோரீன் மிச்சமிருந்த ஒரு மைலுக்கும் சின்னக் குரலில் படித்துக்கொண்டே வந்தாள். "வளைவு. நேரா. வளைவு." கோட்டைக்கு ஏறி வரவில்லை. அடிவாரத்துப் பண்ணை டீக்கடையில் உட்கார்ந்துவிட்டாள். மேலே அண்ணன் பலகை முன்னால் நின்று தலையாட்டினான். நாங்கள் இறங்கி வந்தபோது அவள் முன்னால் டீ அப்படியே ஆறிப்போய் இருந்தது.

அன்று ஒரு கிராமத்து விடுதியில் தங்கினோம். படுக்கையும் காலைச் சாப்பாடும் கொடுக்கிற வீடு. மறுநாள் காலை நான் சீக்கிரம் எழுந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு அறையில் வீட்டுக்காரம்மா கேட்பது கேட்டது.

"முட்டை எப்படிங்க வேணும்?"

"ரெண்டு, வேகவச்சு. மஞ்சக்கரு இளக்கமா இருக்கட்டும். ரொம்ப நன்றிங்க." நோரீன்தான். மணி அடித்த மாதிரி குரல்.

நான் ஒரு துண்டு டோஸ்ட் முடிப்பதற்குள் அண்ணனும் ட்ரேசியும் வந்தார்கள். பார்த்தால் நோரீன் கழுத்தில் ஒரு ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். வாயைத் திறந்து காற்றாக ஏதோ சொன்னாள். ஒன்றும் கேட்கவில்லை. பேப்பர் நாப்கினை எடுத்து அதில் எழுதி அண்ணன் பக்கம் தள்ளினாள். அண்ணன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற மாதிரி சட்டைப்பையைத் தடவினான். ட்ரேசி வாங்கிப் படித்தாள்.

"தொண்டை கட்டிடுச்சாம், அப்பா. பேச்சு வரலையாம்."

"பேட்டரி போச்சா?" என்றான் அண்ணன். சிரிக்க முயற்சி செய்தான்.

நான் நோரீனைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். முட்டை கேட்ட அவள் குரல் என் காதில் விழுந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். முட்டையை உடைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். என்ன நாடகம் இது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் ஒருநாளும் பொய் சொல்லாதவள் சொல்கிற பொய், அதில் ஏதோ இருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

காரில் ஏறினோம். விடுதியின் வாசல் நேராக மெயின் ரோட்டில் போய் முட்டும். வலது பக்கம் திரும்ப வேண்டும். அண்ணன் வாசல் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தி, இண்டிகேட்டர் போட்டான். டிக், டிக், டிக்.

ரோடு காலியாக இருந்தது. கார் நகரவில்லை.

ஒரு லாரி போனது. ஒரு வேன் போனது. மறுபடி காலி. அண்ணன் தலை மெதுவாக நோரீன் பக்கம் சாய்ந்தது. நோரீன் முகத்தைத் திருப்பிப் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் அவள் விரல்கள் ஒன்றையொன்று முறித்துவிடுவது போல் பின்னிக்கொண்டிருந்தன.

"என்ன, இன்னிக்கி ஒண்ணுமே இல்லையா?" என்றான் அண்ணன். கேலியாகத்தான் சொல்ல நினைத்தான். குரல் உடைந்துபோய் வந்தது.

டிக், டிக், டிக்.

பின்னால் விடுதிக்காரரின் கார் வந்து நின்றது. அதற்குப் பின்னால் தபால் வண்டி. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் செத்தாலும் ஹாரன் அடிக்க மாட்டார்கள். விடுதிக்காரர் எங்கேயோ மரத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மரியாதை கழுத்தை நெரித்தது. நான் பின்சீட்டிலிருந்து அண்ணனின் பிடரியைப் பார்த்தேன். வியர்வை சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ரோடு காலி. வலமும் இடமும் காலி. என் கண்ணுக்குத் தெரிகிறது. அவனுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தக்காளி மாதிரி சிவப்பு. அழகான பச்சை. பன்னெண்டு மைல். வளைவு, நேரா, வளைவு. நேற்று எதிரே நேராக நடந்து வந்த கிழவர். நான்கு வருஷமாக நான் சிரித்ததெல்லாம் இதைப் பார்த்துத்தான். பக்கத்தில் ட்ரேசியின் கை வயிற்றின் மேல் இருந்தது. அவளும் அப்பாவின் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் எஞ்சினை அணைத்தான்.

"முட்டி பிடிச்சுக்கிச்சு" என்றான். "கிளட்ச் மிதிக்க முடியல. ஜாய்ஸ், நீ ஓட்டு."

ஆளுக்கொரு பொய், எல்லோரும் நம்பினோம். அண்ணன் இறங்கி, பின்னால் நின்ற இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டான். அவர்களும் மன்னிப்புக் கேட்டார்கள். அவர்களே காரை ஓரமாகத் தள்ளிக் கொடுத்தார்கள். காப்பீட்டில் பேர் இல்லாதவர் ஓட்டக் கூடாது, அதனால் அண்ணன் அதில் என் பேரைச் சேர்க்க அங்கேயே நின்று போன் போட்டான். வண்டி நம்பர், பாலிசி நம்பர் எல்லாம் மனப்பாடமாகச் சொன்னான். போனில் இருந்த பெண்ணின் குரல் எனக்கே கேட்டது.

"எத்தனை நாளைக்குச் சேர்க்கணும் சார்? இன்னிக்கி ஒருநாள் மட்டுமா?"

அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"வருஷம் முழுக்கப் போட்டுடும்மா" என்றான்.

சாவியை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவனே மூடினான். "தூணைப் பார்த்துப் போ" என்றான். எனக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை. சீட்டை முன்னால் இழுத்து உட்கார்ந்தேன்.

நோரீன் முதல்முறையாகப் பின்சீட்டுக்குப் போனாள். கொஞ்ச தூரம் போனதும் வயலையும் ஆடுகளையும் ஜன்னலில் முகம் ஒட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். பத்து நிமிஷம்கூட இருக்காது. கண்ணாடியில் பார்த்தால், மகள் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். அடித்துப் போட்ட தூக்கம். என் பக்கத்தில் அண்ணன் இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். நான் கியர் மாற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தது. அதற்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கிட்வெலிக் கோட்டையில் போய் இறங்கினோம். ட்ரேசி கழிப்பறை தேடிப் போனாள். நாங்கள் மூன்று பேரும் உள்ளே நுழைந்தோம். முதல் பலகை முன்னால் அண்ணன் போய் நின்றான். கையைப் பின்னால் கட்டினான். வழக்கம்போலத் தலையாட்டப் போகிறான் என்று நினைத்தேன். ஆட்டவில்லை.

"நோரீன்."

அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"என்ன எழுதியிருக்கு இதுல?"

நோரீன் அவனைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தாள். கழுத்திலிருந்த ஸ்கார்ஃபை மெதுவாக அவிழ்த்தாள்.

"சமையல் கூடம்" என்று ஆரம்பித்தாள். காலையில் முட்டை கேட்ட அதே குரல். "பெரிய அடுப்பு இருந்த இடமாம். காவலுக்கு இருந்தவங்க எல்லாருக்கும் இங்கதான் ரொட்டி சுட்டிருக்காங்க."

"தொண்டை சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு. உன் முட்டி?"

"அது பரவாயில்ல."

இரண்டு பேரும் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் நகர்ந்து போயிருக்க வேண்டும். கால் வரவில்லை.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?" என்றான் அண்ணன்.

"கான்வி போனப்பலேருந்து. நாலு வருஷம்."

"எனக்கு அஞ்சு."

நோரீன் அப்போதுதான் திரும்பி அவனைப் பார்த்தாள். நானும் மனசுக்குள் பின்னால் போனேன். கான்விக்கு முந்தைய வருஷம் வடக்கே ஆனிக் கோட்டைக்குப் போயிருந்தோம். போக வர ஐந்நூறு மைல். நானும் ட்ரேசியும் பின்னால் சீட்டு விளையாடிக்கொண்டு வந்தோம். முன்சீட்டில் நோரீன் தூங்கிக்கொண்டு வந்தாள்.

"ஆனிக் போனப்ப?" என்றாள். "அப்ப யாரு உனக்குப் படிச்சது?"

"யாரும் படிக்கல."

நோரீன் கையிலிருந்த ஸ்கார்ஃபால் அவன் மார்பில் அடித்தாள். ஒரு அடி, இரண்டு அடி, மூன்று. "பாவி மனுஷா! நான் தூங்கிக்கிட்டு வந்தேனே! உன்னை நம்பித் தூங்கிக்கிட்டு வந்தேனே!" கோட்டை பார்க்க வந்த ஒரு குடும்பம் பார்க்காத மாதிரி அவசரமாக அடுத்த வாசலுக்குப் போனது. அண்ணன் தடுக்கவில்லை. அடி முழுவதையும் வாங்கிக்கொண்டு நின்றான்.

"பயமா இருந்துச்சு" என்றான். "ஒவ்வொரு சிக்னலுக்கும் பயமா இருந்துச்சு. அடுத்த வருஷம் நீயா படிக்க ஆரம்பிச்ச. அப்பதான் எனக்கு மூச்சு வந்துச்சு. நிறுத்திடுவியோன்னு அப்புறம் அது ஒரு பயம்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீயும் சொல்லியிருக்கலாம்."

காற்று அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் மறுபடியும் பலகைப் பக்கம் திரும்பினான். அவன் கை தேடிப் போய் நோரீனின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டது.

"மீதியையும் படி" என்றான்.

நோரீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு படித்தாள். அடுப்பின் அகலத்தைப் படித்தாள், சுவரின் கனத்தைப் படித்தாள். சுவர்மேல் ஏற வேண்டாம் என்பதையும் கழிப்பறை வலப்பக்கம் என்பதையும் விடவில்லை. அண்ணன் தலையைச் சாய்த்து, கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டான்.